அப்பாவோட 78 மாடல் அம்பாஸடர்: இஞ்சின் கட்டியாச்சு, முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்?

அல்சூர்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு சத்தமில்லாம போற ஆளு நான், இப்பதான் முதல் தடவை எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

வண்டி அப்பா வாங்கினது, 1978 அம்பாஸடர் மார்க் 3, பெட்ரோல், அந்தப் பழைய 1489 சிசி இஞ்சின். பதினோரு வருஷமா கவர் போட்டு நின்னுச்சு. அப்பா போனதுக்கப்புறம் அம்மா ஒரு நாள் "வித்துடு இல்லைன்னா ஓட்டு, ரெண்டுல ஒண்ணு பண்ணு, எலி குடும்பம் நடத்துது உள்ள"ன்னு சொன்னாங்க, அதுல ஆரம்பிச்சது. இஞ்சின் இறக்கி முழு வேலை. பிளாக் 40 தௌ (தௌன்னா இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) ரீபோர், புது பிஸ்டன், ரிங், கிராங்க் 20 தௌ கிரைண்டிங், எல்லா பேரிங்கும் புதுசு, கேம்ல (வால்வை திறக்க வைக்கற தண்டு) ஒரு லோப், அதாவது மூக்கு மாதிரி புடைப்பு, தேஞ்சு மொட்டையா இருந்ததால கேம் ஷாஃப்ட்டும் அது மேல உக்கார்ற எட்டு டாப்பெட்டும் புதுசு. இதுக்காக மூணு சனிக்கிழமை பெங்களூர் ஜே.சி. ரோட்ல கடை கடையா அலைஞ்சேன், கடைசியா கேம் கிடைச்சது ஒரு மாடிப்படிக்கு அடியில இருக்கற கடையில, பழைய நியூஸ்பேப்பர்ல கிரீஸோட சுத்தி வெச்சிருந்தார்.

இஞ்சின் கட்டி முடிச்சு ஆறு வாரம் ஆச்சு, போன வாரம்தான் வண்டிக்குள்ள இறக்கினோம். இன்னும் ஸ்டார்ட் பண்ணல. இங்கதான் குழப்பம். எங்க மெக்கானிக் அண்ணா அப்பா காலத்துல இருந்து வீட்டுக்கு வர்றவர், அவர் சொல்றது "ஆயில் ஊத்து, செல்ஃப் அடி, ஒரு மணி நேரம் ஸ்லோல ஓட விடு, தானா செட் ஆயிடும்". நான் வீடியோ பாத்தா அப்படி பண்ணவே கூடாது, கேம் போயிடும்னு பயமுறுத்தறாங்க. அவர்கிட்ட போய் வீடியோல இப்படி சொன்னாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆயில் கடைக்காரர் வேற ஃபுல்லி சிந்தெடிக் போடுங்க சார், காஸ்ட்லி இஞ்சின்ல சீப் ஆயில் ஊத்தாதீங்கன்னு ஒரே பிடிவாதம். வண்டி இப்ப அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல இருக்கு, அங்கயே ஸ்டார்ட் பண்ணலாமா? டேஷ்போர்டுல ஆயிலுக்கு லைட்டு மட்டும்தான், மீட்டர் கிடையாது.

கியர்பாக்ஸ்_இந்திராநகர்:

ப்ரோ சூப்பர், படம் போடுங்க. சிந்தெடிக் வேண்டவே வேண்டாம், அதுல வழுக்கல் ஜாஸ்தி, ரிங் செட் ஆக லேட் ஆகும், சாதா மினரல் 20டபிள்யூ50 போதும். அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு ஸ்பார்க் பிரிச்சு குடுக்கறது) கழட்டிட்டு அந்த ஓட்டை வழியா நீளமா ஒரு ஸ்க்ரூடிரைவர் பிட்டை டிரில்ல மாட்டி ஆயில் பம்பை சுத்துங்க, பிரஷர் வந்துடும். என் ஃபிரெண்டு அமெரிக்கன் வி8 ஜீப்புக்கு அப்படித்தான் பண்ணான், அஞ்சு நிமிஷ வேலை.

பழைய லேத்து:

தம்பி அல்சூர், முதல்ல ஒண்ணு. டிரில் யோசனை நல்ல யோசனைதான், ஆனா உங்க இஞ்சினுக்கு நடக்காது. இது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு கூட வந்த பி.எம்.சி. பி-சீரிஸ். இதுல ஆயில் பம்புக்கு கேம்ல இருந்து தனி ஸ்பிண்டில், டிஸ்ட்ரிபியூட்டருக்கு தனி ஸ்பிண்டில். டிஸ்ட்ரிபியூட்டர் ஓட்டைல டிரில்லை விட்டு அழுத்தினா அந்த டிரைவ் கியரும் கேம் கியரும்தான் அடி வாங்கும், பம்ப் பக்கம் ஒண்ணும் அசையாது. அமெரிக்கன் வி8-ல ரெண்டும் ஒரே தண்டுல இருக்கும், அதனால அங்க வேலை செய்யுது. வீடியோ பாக்கும்போது எந்த இஞ்சின்னு பாத்துட்டு பாருங்க.

ஆறு வாரம் சும்மா இருந்ததுன்னா பேரிங்ல தடவின ஆயில் பாதி வழிஞ்சு அடியில இருக்கற ஆயில் தட்டுக்கு, அதான் சம்புக்கு, போயிருக்கும். பம்ப் ஆயில் மட்டத்துக்கு மேல உக்காந்திருக்கு, காஞ்சு போன பம்ப் காத்தைத்தான் இழுக்கும். கட்டும்போதே பம்புக்குள்ள வாசலைனை அடைச்சு வெச்சிருந்தா இந்தக் கவலை பாதி கிடையாது, இப்ப மூடியாச்சு, விடுங்க. நான் பண்றது சொல்றேன். லால்பாக் பக்கம் நர்சரியில ரோஜாச்செடிக்கு மருந்து அடிக்கற ரெண்டு லிட்டர் கை பம்ப் விக்குது பாருங்க, அது புதுசா ஒண்ணு வாங்குங்க. மருந்து அடிச்ச பழசு வேண்டாம். நாசிலை வெட்டிட்டு ஆயில் தாங்கற டியூப் மாட்டி, பிளாக்ல ஆயில் லைட் ஸ்விட்ச் இருக்கற இடத்துல அதே மரைக்கு ஒரு அடாப்டர் போட்டு கனெக்ட் பண்ணுங்க. பம்புல இஞ்சின் ஆயிலை ஊத்தி வெயில்ல கொஞ்ச நேரம் வெச்சா இளகும். ஒருத்தர் பம்ப் அடிக்கணும், ஒருத்தர் ஸ்பார்க் பிளக்கை எல்லாம் கழட்டிட்டு முன்னாடி ஹேண்டில் போட்டு இஞ்சினை மெதுவா சுத்தணும். அம்பாஸடர்ல ஹேண்டில் ஓட்டை இருக்கறது இந்த மாதிரி நாளுக்குத்தான். ராக்கர் (மேல வால்வை அமுக்கற கை) கவரை திறந்து வெச்சுக்குங்க. கால் சுத்து சுத்தி நிறுத்தி பம்ப் அடிங்க, மறுபடி கால் சுத்து. ஒரு கட்டத்துல ராக்கர் தண்டு ஓட்டையில இருந்து ஆயில் எறும்பு மாதிரி ஊர்ந்து வெளிய வரும். எட்டு ராக்கரும் நனையற வரைக்கும் விடாதீங்க. அதை கண்ணால பாத்துட்டீங்கன்னா பாதி ஜுரம் இறங்கிடும்.

அதுக்கப்புறம் பிளக் இல்லாமலே, காயிலுக்கு போற ஒயரை கழட்டிட்டு, செல்ஃப் பத்து பத்து செகண்டா அடிங்க, நடுவுல ஒரு நிமிஷம் மோட்டாரை ஆற விடுங்க. இந்த நேரத்துல மீட்டர்ல பிரஷர் ஏறணும். ஆமா, மீட்டர் வாங்குங்க. அந்த லைட்டு கொஞ்சூண்டு பிரஷர் வந்தாலே அணைஞ்சுடும், அதை நம்பி புது பேரிங்கை அடகு வைக்காதீங்க. குழாய் வெச்ச சாதா மெக்கானிக்கல் மீட்டர் போதும், டீ ஜாயிண்ட் போட்டா லைட்டும் இருக்கும் மீட்டரும் இருக்கும்.

இன்னொண்ணு, ஆயில் ஃபில்டர். உங்களுது கிண்ணத்துக்குள்ள எலிமெண்ட் வெக்கற டைப்பா இருந்தா, கிண்ணம் உக்கார்ற பள்ளத்துல பழைய ரப்பர் ரிங் கருப்பா ஒட்டிக்கிட்டு பள்ளம் மாதிரியே தெரியும். அதுக்கு மேலயே புது ரிங்கை வெச்சு டைட் பண்ணிடுவாங்க. ஸ்டார்ட் ஆனதும் ஆயில் பீச்சி அடிக்கும். ஊசியால குத்திப் பாருங்க, மெத்துனு இருந்தா ரப்பர்.

ஸ்லோல ஓட விடறது பத்தி நாளைக்கு எழுதறேன், பேத்திக்கு ஹோம்வொர்க்.

டூரிஸ்ட்_பெர்மிட்:

நான் 84-ல இருந்து டாக்சி ஓட்டினவன், சிவாஜிநகர் ஸ்டாண்டு. எங்க வண்டி எல்லாம் இஞ்சின் கட்டினா மெக்கானிக் சொல்ற மாதிரி ஸ்லோலதான் விடுவோம், சாமி படம் வெச்சு எலுமிச்சம்பழம் நசுக்கி ஸ்டார்ட், டீ குடிச்சுட்டு வந்தாலும் அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும். ஒண்ணும் ஆகல. இப்ப எல்லாம் வீடியோ பாத்து பாத்து பயம் ஜாஸ்தி ஆயிடுச்சு. உங்க மெக்கானிக் சொல்றதை கேளுங்க, அனுபவஸ்தர்.

பழைய லேத்து:

டூரிஸ்ட் அண்ணே சொல்றது பொய் இல்ல. ஆனா அன்னிக்கு நீங்க கட்டின இஞ்சின்ல கேம் மாத்தினீங்களா? பெரும்பாலும் ரிங்கு, பேரிங்கு, வால்வு அரைச்சு விடறது, அவ்வளவுதான். பழைய கேம் மேல அதே பழைய டாப்பெட் அதே இடத்துல உக்காந்தா அது ஏற்கெனவே பழகின ஜோடி, ஸ்லோல விட்டாலும் சண்டை வராது. தம்பிக்கு ரெண்டும் புதுசு. அதுவும் தட்டை டாப்பெட். லோப் மூக்கு டாப்பெட் அடியில ஒரு கோடு மாதிரி இடத்துலதான் தொடும், வால்வு ஸ்பிரிங் மொத்த அழுத்தமும் அந்தக் கோட்டு மேல. அங்க ஆயில் வர்றது முக்கியமா கிராங்க் சுத்தி தெறிக்கறதுல. ஸ்லோல கிராங்க் தெறிக்கறது கம்மி, பிரஷரும் கம்மி. அதனாலதான் ஸ்டார்ட் ஆன உடனே 2000-ல இருந்து 2500 வரைக்கும் ஏத்தி இறக்கி இருபது நிமிஷம் ஓட்டணும்னு சொல்றது. முதல் இருபது நிமிஷத்துல மேல் தோல் பழகி கெட்டியாயிடும், இல்லைன்னா உரிஞ்சுடும், நடுவுல ஒண்ணு கிடையாது.

ஆயில் விஷயமும் இதோட சேர்ந்ததுதான். கேமையும் டாப்பெட்டையும் காப்பாத்தறது ஆயில்ல கலக்கற துத்தநாகம்-பாஸ்பரஸ் மருந்து. பாஸ்பரஸ் புகையில போய், புகையை சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டரை கெடுக்குதுன்னு புது பெட்ரோல் கார் ஆயில்ல, அதாவது 5டபிள்யூ30 மாதிரி மெல்லிசு கிரேடுல, அதை குறைச்சுட்டாங்க. உங்க அம்பாஸடருக்கு கன்வர்ட்டரே கிடையாது, எதுக்கு அந்த ஆயில்? மினரல் 20டபிள்யூ50, இல்லைன்னா டீசல் வண்டிக்கு விக்கற 15டபிள்யூ40 மினரல். விலையும் கம்மி. கேம் லோப்புக்கு கட்டும்போது கருப்பு மாலிப்டினம் பேஸ்ட் தடவினாங்களான்னு மெக்கானிக்கை கேளுங்க.

மெக்கானிக்கை எப்படி சொல்லி ஒத்துக்க வைக்கறதுன்னா, "வீடியோல சொன்னாங்க"ன்னு சொல்லாதீங்க. "அண்ணா, கேம் புதுசாச்சே, ஸ்லோல விட்டா தாங்குமா?"ன்னு கேளுங்க. அவரே "கொஞ்சம் ரேஸ் குடுத்து வெச்சுக்கலாம்"னு சொல்லுவார்.

கே.ஜி.எஃப்_கருப்பு:

பேஸ்மெண்ட்ல ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க சார். அசோசியேஷன் வாட்ஸ்ஆப் குரூப்ல கிழிக்கறது அப்புறம், இருபது நிமிஷம் மூடின இடத்துல சோக் இழுத்த கார்புரேட்டர் இஞ்சின் ஓடினா கார்பன் மோனாக்சைடு ஆளைத் தூக்கிடும், வாசனை கூட தெரியாது. தள்ளிட்டு வெளிய போங்க.

என் கதை ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. என் ஃபியட் இஞ்சின் ஏத்தினப்ப எல்லாம் மாட்டியாச்சு, ஆயில் பாத்தாச்சு, தண்ணி பாத்தாச்சு, செல்ஃப் அடிச்சேன், 'டக்'னு ஒரு சத்தம், மோட்டார் சோம்பேறி மாதிரி கால் சுத்து சுத்தி நின்னுச்சு. பேட்டரி வீக்னு நினைச்சு மறுபடி அடிச்சேன். உள்ள உக்காந்திருந்த என் தம்பி "அண்ணா சோக் சுடுது"ன்னு கத்தறான். பாத்தா சோக் கேபிள் இஸ்திரிப் பெட்டி கம்பி மாதிரி செவந்து, மேல பிளாஸ்டிக் உருகி டேஷ்போர்டுக்குள்ள புகை. என்ன ஆச்சுன்னா இஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற எர்த் பட்டையை மாட்டவே இல்ல. இஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல நிக்குது, செல்ஃப் மோட்டார் இழுக்கற அவ்வளவு கரண்டும் திரும்பிப் போக வழி தேடி அந்த ஒல்லி கேபிள் வழியா போயிருக்கு. பட்டையை மாட்டும்போது ரெண்டு முனையிலயும் பெயிண்டை சுரண்டுங்க, புதுசா பெயிண்ட் அடிச்ச பிளாக்ல அதான் வில்லன்.

பெட்ரோல் டேங்க் கழுவினீங்களா? பதினோரு வருஷத்து பெட்ரோல் வார்னிஷ் ஆயிருக்கும். பழைய பம்ப் டயஃப்ரம், ரப்பர் ஹோஸ் எல்லாம் இப்ப வர்ற இ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு தாங்காது, மாத்திடுங்க. முதல் ஸ்டார்ட்டுக்கு டேங்கை நம்பாம ஒரு லிட்டர் கேன் தனியா தொங்க விட்டீங்கன்னா நல்லது, ஆனா இஞ்சின் சூட்டுல இருந்து தள்ளி. பக்கத்துல தீயணைப்பு சிலிண்டர் ஒண்ணு கட்டாயம்.

அல்சூர்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப தேங்க்ஸ். லேத்து சார், ஃபில்டர் பள்ளத்துல ஊசியால குத்தினேன், மெத்துனு இருந்துச்சு!! பழைய ரிங் தோண்டி எடுத்தேன், துண்டு துண்டா வந்துச்சு. கேம்ல கருப்பு பேஸ்ட் தடவினாராம், டப்பாவை காட்டினார். எர்த் பட்டை இருக்கு ஆனா பெயிண்ட் மேல இருக்கு, சுரண்டிட்டேன்.

இன்னும் ரெண்டு டவுட்டு. டைமிங் (பிளக்ல ஸ்பார்க் வர்ற நேரம்) சரியா இருக்கான்னு ஸ்டார்ட் பண்ணாம எப்படி தெரிஞ்சுக்கறது? இழுத்து இழுத்து செல்ஃப் அடிச்சா கேம்ல தடவின பேஸ்ட் வழிச்சுட்டு போயிடும்னு படிச்சேன். ரெண்டாவது, 2000-ன்னு எப்படி கண்டுபிடிக்கறது, இந்த வண்டில ஆர்பிஎம் மீட்டரே இல்லையே.

எஸ்.பி.ரோடு_சால்டர்:

ரெண்டாவதுக்கு நான் சொல்றேன். எஸ்.பி. ரோட்ல ஹெர்ட்ஸ் காட்டற மல்டிமீட்டர் எந்த கடையிலயும் கிடைக்கும், 600 வோல்ட் தாங்கறதா பாத்து வாங்குங்க, காயில்ல ஸ்பைக் வரும். கருப்பு ஒயர் எர்த்துல, சிவப்பு ஒயர் காயில்ல இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு போற டெர்மினல்ல. நாலு சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக்ல ஒரு சுத்துக்கு ரெண்டு ஸ்பார்க், அப்ப 2000 ஆர்பிஎம்னா சுமார் 67 ஹெர்ட்ஸ், 2500-ன்னா 83. இந்த ரெண்டு நம்பரை மாஸ்கிங் டேப்ல எழுதி மீட்டர் மேல ஒட்டிக்குங்க, அன்னிக்கு இருக்கற டென்ஷன்ல கணக்கு வராது.

பழைய லேத்து:

சால்டர் தம்பி அருமை.

டைமிங். முதல் சிலிண்டர் பிளக் ஓட்டையை கட்டை விரலால அமுக்கி மூடுங்க, இன்னொருத்தரை ஹேண்டில் சுத்தச் சொல்லுங்க. ஒரு சுத்துல ஒண்ணும் இருக்காது, அடுத்த சுத்துல 'புஸ்'னு விரலைத் தள்ளும், அதுதான் கம்ப்ரஷன். சந்தேகம் இருந்தா ராக்கரை பாருங்க, அந்த நேரத்துல நாலாவது சிலிண்டர் வால்வு ரெண்டும் ஒண்ணு மூடி ஒண்ணு திறக்கற மாதிரி ஆடும். ஒண்ணும் நாலும் ஒரே நேரத்துல மேல வர்றதால ஏமாறுவாங்க, அரை சுத்து தப்பா மாட்டிட்டு நாள் முழுக்க கார்புரேட்டர் இருமறதை பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. கிராங்க் புல்லியில இருக்கற குறியை உங்க மேனுவல்ல சொல்ற டிகிரிக்கு கொண்டு வந்து நிறுத்துங்க. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள சுத்தற ரோட்டர் முதல் ஒயர் பக்கம் பாக்கணும், அங்க இருந்து 1-3-4-2, மேல இருந்து பாத்தா கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம்.

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள திறந்து மூடற பாயிண்ட்டோட கேப் 15 தௌ வெச்சுட்டு, ஒரு 12 வோல்ட் பல்பு எடுத்து ஒரு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டர் டெர்மினல்லயும் இன்னொண்ணை எர்த்லயும் வெச்சு சாவியைப் போடுங்க. டிஸ்ட்ரிபியூட்டரை மெதுவா திருப்புங்க, பாயிண்ட் மூடியிருக்கற வரை பல்பு எரியாது, பிரிஞ்ச நொடியில பளிச். அந்த இடத்துல டைட் பண்ணுங்க. முடிஞ்சதும் சாவியை எடுத்துடுங்க, காயில் சூடாகும். கார்புரேட்டர் கிண்ணத்தை பெட்ரோல் பம்பு கை நெம்புகோலால நிரப்பி வெச்சுடுங்க. இவ்வளவு பண்ணினா ரெண்டாவது சுத்துலயே பிடிக்கும்.

டூரிஸ்ட்_பெர்மிட்:

லேத்து சார் சொன்ன கேம் விஷயம் சரிதான், நாங்க கேம் மாத்தினதா ஞாபகம் இல்ல. ஆனா ரிங் விஷயத்துல என் அனுபவத்தை சொல்றேன் தம்பி, இருபது நிமிஷம் முடிஞ்சு ஆறினதும் வண்டியை பொத்தி பொத்தி ஓட்டாதீங்க. கல்யாணப் பொண்ணு மாதிரி 30-ல ஓட்டினவன் வண்டி எல்லாம் ஆயில் குடிக்கும். காலையில ரோடு காலியா இருக்கும்போது மூணாவது கியர்ல 30-ல இருந்து 60 வரைக்கும் நல்லா மிதிங்க, அப்புறம் காலை எடுத்துட்டு கியர்லயே 30-க்கு வர விடுங்க. பத்து பன்னெண்டு தடவை. மிதிக்கும்போது கேஸ் ரிங்கை சுவத்தோட சேத்து அமுக்கும், விடும்போது ஆயில் மேல வந்து கழுவும். சில்க் போர்டு டிராஃபிக்ல மட்டும் அன்னிக்கு மாட்டிக்காதீங்க.

அல்சூர்வாசி:

ஆச்சு!!!

மச்சானோட சைட் ஒசூர் ரோடு பக்கம் காலியா இருக்கு, டிரக்ல ஏத்திட்டு போனோம். ரோஜாச்செடி பம்பை பாத்து மெக்கானிக் அண்ணா முதல்ல சிரிச்சார், ராக்கர்ல ஆயில் ஊர்ந்து வந்ததும் கிட்ட வந்து கண்ணாடியை கழட்டி துடைச்சுட்டு பாத்தார், அப்புறம் பம்பை என் கையில இருந்து வாங்கி அவரே அடிக்க ஆரம்பிச்சுட்டார். எட்டும் நனைய நாப்பது நிமிஷம் ஆச்சு. செல்ஃப்ல மீட்டர் 30 பவுண்டுக்கு வந்துச்சு. பிளக் மாட்டி, சோக் இழுத்து, அம்மாதான் சாவி போட்டாங்க. பிடிச்சுக்கிச்சு. மெக்கானிக் அண்ணா உடனே ஆக்சிலேட்டரை கையால பிடிச்சுட்டு "ஸ்லோக்கு விடாதே விடாதே, கேம் புதுசு"ன்னு என்னைத் திட்டறார்.

முதல் நிமிஷம் சைலன்சர்ல நீலமும் வெள்ளையுமா புகை, பெயிண்ட் கருகற நாத்தம், அப்புறம் குறைஞ்சுடுச்சு. பிரஷர் 55. பன்னெண்டாவது நிமிஷம் மேல் ரேடியேட்டர் ஹோஸ் கிளிப்ல தண்ணி கசிஞ்சுது, நிறுத்தி டைட் பண்ணி மறுபடி ஸ்டார்ட் பண்ணி பாக்கி நேரத்தை ஓட்டினோம். சூடா இருக்கும்போதே ஆயிலை இறக்கினேன், சாம்பல் கலர்ல மினுமினுன்னு இருந்துச்சு, காந்தத்தை விட்டா கரி மாதிரி மெல்லிசு தூள் மட்டும், செதில் எதுவும் இல்ல. புது ஆயிலும் ஃபில்டரும் போட்டாச்சு.

ஒண்ணு மட்டும் உறுத்துது. இஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துக்கு கீழ ராத்திரி போட்ட அட்டையில ரெண்டு சொட்டு ஆயில். மறுபடி இறக்கணுமா?

பழைய லேத்து:

வேண்டாம். அந்த இஞ்சின்ல கிராங்க் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது, கிராங்க்ல மரை மாதிரி வெட்டியிருக்கும், சுத்தும்போது அது ஆயிலை உள்ள தள்ளும், நிறுத்தினா ரெண்டு சொட்டு விடும். பெல் ஹவுசிங் அடியில இருக்கற ஓட்டை அதுக்குத்தான், அதை யாராவது அடைச்சிருக்காங்களான்னு பாருங்க, அடைச்சா கிளட்ச் பிளேட் நனையும். ஒரு ராத்திரிக்கு உள்ளங்கை அகலம் தாண்டினா சொல்லுங்க.

இஞ்சின் முழுசா ஆறினதும் ஹெட் நட்டை வரிசைப்படி ஒவ்வொண்ணா லேசா இளக்கி மறுபடி மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு (முறுக்கு அளவு) வைக்கணும், அப்புறம் டாப்பெட் கேப் மறுபடி பாக்கணும், ஹெட் இறங்கினா கேப் குறைஞ்சிருக்கும். ஞாயித்துக்கிழமை பண்றதா இருந்தா சொல்லுங்க, நான் ஜீவன்பீமாநகர்தான், ஃபீலர் கேஜ் எடுத்துட்டு வரேன். அந்தப் பம்பையும் கழுவிடாதீங்க, எனக்கு வேணும்.